பகலில் தூங்கும் தெரு

“தட்டுறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, டெனீஸ். உங்க சுவர், உங்க தூக்கம். ஆனா தட்டி முடிச்சதும் ‘ஷ்ஷ்ஷ்’னு ஒண்ணு போடுறீங்களே, அதை மட்டும் விட்டுடுங்க.”

“எதைப் போடுறேன்?”

“அதான். ‘ஷ்ஷ்ஷ்’. அதைக் கேட்டாத்தான் இவ இன்னும் மிரண்டு அழறா.”

“ஏம்மா, பன்னண்டு மணி நேரம் டிரக் ஓட்டிட்டு வந்து படுக்குறேன். உன் பிள்ளையை ஆத்தி அமத்த எனக்கு ஏது தெம்பு? மூணு தட்டு தட்டுவேன். அவ்வளவுதான்.”

“அப்போ வேற யாரு?”

“உன் புருஷனைக் கேளு.”

கம்பிவலைக் கதவை நான் திறக்கவில்லை. காலை ஏழரை மணி. ஷிஃப்ட் பஸ் இறக்கிவிட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தேன், மற்றொன்று இன்னும் காலில் இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் கார்லி, என் பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். ஐவிக்கு ஏழு மாதம். அழுகிற குழந்தையென்று தெரு முழுவதும் பேர் வாங்கியது, அப்போது சத்தமே இல்லாமல் என் ஒற்றைக் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பாருங்க, வெளியில வந்தா தங்கம். வாசப்படி தாண்டி உள்ள வெச்சா போதும்…” கார்லி முடிக்கவில்லை. உதட்டைக் குவித்து, அந்த ஒலியை எனக்குச் செய்து காட்டினாள். நீளமாகத் தொடங்கி, முடிவில் யாரோ துணியைச் சட்டென்று இழுத்ததுபோல அறுந்தது.

நான் கதவைச் சாத்தினேன்.

சாத்திய கதவில் முதுகை வைத்தபடி மற்ற பூட்ஸையும் கழற்றினேன். அந்த ஒலியை நான் பதினொரு வருடங்களாகக் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் மண்ணைப் பிளந்து ஈயம் எடுக்கிறார்கள். குழி இரவும் பகலும் நிற்காது. அதனால் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பகலில் தூங்குகின்றன. ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டியிருப்போம். கேட்டில் ‘இரவு ஷிஃப்ட், தூங்குகிறோம்’ என்று தகரப் பலகை தொங்கும். ஐஸ்கிரீம் வண்டிகூடப் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் எங்கள் தெருவைக் கடக்கும். சுரங்கக் கம்பெனி கட்டிய வீடுகள், இரண்டிரண்டாக ஒட்டியவை. நடுவில் ஒரே சுவர், மெல்லிய பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் எந்த ஸ்பூன் என்று சொல்லிவிடலாம்.

மூன்று தட்டு என்பது இங்கே சட்டம் மாதிரி. ‘தூங்குகிறேன், சத்தத்தை அடக்கு’ என்று அர்த்தம். வந்த முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, பதிலுக்குத் தட்டுவதுமில்லை. மூன்று தட்டுக்குப் பதில் மௌனம்தான்.

கார்லியும் டேமியனும் நவம்பர் கடைசியில் ஒரு டிரெய்லரோடு வந்து இறங்கினார்கள். கடற்கரைப் பக்கத்துக்காரர்கள். மெத்தை, மீன்பிடித் தூண்டில்கள், குழந்தையின் தள்ளுவண்டி. டேமியன் என்னுடைய இரவு ஷிஃப்டிலேயே சேர்ந்தான். பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டை அவர்கள் திறந்தபோது நான் என் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையின் சிரிப்பு வாசல்வரை வந்தது, பிறகு உள்ளே நுழைந்தது.

நுழைந்ததும் அலறியது.

அன்றிலிருந்து அது ஓயவில்லை. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காத பிள்ளை என்றார்கள். நர்ஸ் வெண்டி, ஊரில் பிள்ளை பெற்ற எல்லோர் வீட்டுக்கும் போகிறவள், யோசனைகள் சொல்லிவிட்டுப் போனாள். ஒரே இடத்தில் கிடந்தால் சலிப்பு வரும், அரைமணிக்கொரு தடவை இடம் மாற்று என்றாளாம். சுவர் வழியாக நான் அதையெல்லாம் கேட்டேன். கார்லி பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்துவாள். பிறகு சமையலறைத் தரையில் உட்காரவைத்து, கையில் கரண்டி, முன்னால் கவிழ்த்த பாத்திரங்கள். பிறகு குளியல் தொட்டி. பிறகு இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே போர்வை கட்டி ஒரு கூடாரம், அதற்குள் கார்லியே நுழைந்து பூனைபோலக் கத்துவாள். எதற்கும் குழந்தை மசியாது. ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். பின்பக்கம் துணி துவைக்கும் அறைக்குப் போனால் அழுகை சிணுங்கலாகக் குறையும். என் படுக்கையறைச் சுவரை நெருங்க நெருங்க அது அலறலாகும்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் கார்லி நடக்கத் தொடங்கினாள். டேமியன் வந்து படுத்ததும் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சூப்பர்மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம். நூலகம் திறந்தால் நூலகம். பிறகு பெட்ரோல் நிலையத்து நிழல், ரயில் பாலத்தடி. சிவப்புத் தூசியில் அவளுடைய வண்டிச் சக்கரத் தடம் ஊரையே சுற்றிக் கட்டியிருந்தது. வெளியே இருக்கும்வரை குழந்தை சிரிக்கும், கிளிக்கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டும். ஊருக்கு அது வேடிக்கையாகிவிட்டது.

“டேமியன், உன் வீட்டுக்காரி நேத்து பட்டாணிப் பொட்டலம் பக்கத்துலயே நின்னாளாம். அவளையும் அடுக்கி விலைச்சீட்டு ஒட்டிரப் போறாங்க” என்றான் பஸ்ஸில் பின் சீட்டுக்காரன் ஒருவன்.

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

டேமியன் ஜன்னலைப் பார்த்தபடி, “வீட்டுல உக்கார முடியாதது பிள்ளைக்கு இல்ல. அவளுக்கு” என்றான்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு ஜனவரிதான் நடுக்கோடை. அதன் இரண்டாம் வாரம் வெயில் நாற்பத்து நான்குக்கு ஏறியது. நாய்கள்கூடக் கார்களுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அந்த வெயிலிலும் கார்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள், மேலே ஒரு ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு. அந்த வாரத்தில்தான் ஒரு நாள் காலை என் கம்பிவலைக் கதவுக்கு வந்து அந்த ‘ஷ்ஷ்ஷ்’ பற்றிச் சொன்னாள்.

அன்று மதியமே நர்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. நாற்பத்து நான்கு டிகிரியில் ஒருத்தி கைக்குழந்தையோடு தெருத்தெருவாகச் சுற்றுகிறாள், குழந்தை முகம் தீயாகச் சிவந்திருக்கிறது என்றேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் நான் போன் செய்த காரணம் அது அல்ல. அதிகாரிகள் வந்து இரண்டு கேள்வி கேட்டால் அவர்கள் மூட்டை கட்டி ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், அந்த வீடு மறுபடி பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வெண்டி வந்தாள். பேச்சு சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

“காலைல பத்துலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் பிள்ளை வீட்டை விட்டு வெளியில போகக் கூடாது, கார்லி. இந்த மூணு நாளைக்கு மட்டுமாவது.”

“உள்ள இருந்தா அவ மூச்சடைக்கிற மாதிரி அழறா. நீங்களே பாக்குறீங்கல்ல?”

“அழற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. வெயில்ல கிடக்குற பிள்ளைக்கு ஆகும். இன்னொரு தடவை புகார் வந்தா நான் மேல எழுதித்தான் ஆகணும். அதுக்கப்புறம் பிள்ளை உன்கிட்ட இருக்குறது என் கையில இல்ல.”

வெண்டியின் குரல் தணிந்தது. “நான் உனக்கு எதிரி இல்ல, புரியுதா?”

அவள் கார் கிளம்பியதும் டேமியனின் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ உலோகம் உராயும் ஓசை. ஜன்னல் தாளின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். தள்ளுவண்டியை மடக்கித் தன் வண்டியின் பின்புறம் வீசிக்கொண்டிருந்தான்.

“அதை எங்க கொண்டுபோற?”

“கழிவுக் கிடங்குக்கு. இனிமே நடக்கணும்னா பிள்ளையைத் தலையில வெச்சுக்கிட்டு நட.”

“டேமியன், இந்த வீட்டுக்குள்ள ஏதோ இருக்கு.”

“இருக்கு. தூங்காத ஒரு ஆம்பள இருக்கான்.”

அவர்கள் போகவில்லை. நான் செய்த போன் அவளை அந்த வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது.

அன்று பகல் முழுவதும் குழந்தை அழுதது. ஏர்கூலர் கூரைமேல் இரைந்துகொண்டிருந்தது. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, தட்டக் கூடாது, தட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். கடைசியில் தூங்கிவிட்டேன் போலும். ஓர் ஒலி என்னை எழுப்பியது.

மூன்று தட்டு.

என் கை சுவரில் இருந்தது. விரல் கணுக்களில் எரிச்சல். பதினெட்டு வருடப் பழக்கம், தூக்கத்திலேயே தட்டியிருக்கிறேன்.

அழுகை ஒரு மூச்சுக்கு நின்றது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், மிகச் சரியாக என் கை இருந்த உயரத்தில்,

ஷ்ஷ்ஷ்.

கார்லி தூரத்திலிருந்தாள். பின் அறையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. டேமியனின் குறட்டை நடு அறையிலிருந்து வந்தது. இது சுவரை ஒட்டி வந்தது, பலகையில் உதடு படும் நெருக்கத்தில்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. வெயில் நாட்களில் எங்கள் ஊரில் அப்படிப் போகும். ஏர்கூலர் இறங்கி இறங்கி ஓய்ந்தது. அலுமினியத் தாளின் ஓரங்களில் மட்டும் வெளிச்சம் ஊசியாக நின்றது. இனி அந்த ஒலி இருக்காது, கூலரின் இரைச்சலைத்தான் நான் அப்படி நினைத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொன்னேன்.

ஷ்ஷ்ஷ்.

நீளமாக. முடிவில் அறுந்து.

நான் தட்டும் இடத்தில் சுவர்ப் பூச்சு தேய்ந்து ஒரு வட்டம் விழுந்திருக்கும். விரலால் தடவிப் பார்த்தேன். அந்த வெயிலில், ஒரு சொட்டு ஈரமில்லாத அந்த ஊரில், வட்டம் நனைந்திருந்தது. கண்ணாடியில் ஊதினால் படியுமே, அந்த மாதிரி. ஈரத்துணி வாடையும் அடித்தது.

பெத்தனியின் வீடு எப்போதும் ஈரத்துணி வாடை அடிக்கும்.

பதினொரு வருடம் முன்பு அந்த வீட்டில் அவள் இருந்தாள். கணவன் எங்கள் ஷிஃப்ட். ஜூட் என்று நான்கு மாதப் பையன். கோடையில் கதவுக்குக் கதவு ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டு வீட்டைக் குளிரவைப்பாள். மிகவும் பணிவானவள். பையன் அழுது நான் தட்டினால் உடனே ‘ஷ்ஷ்ஷ்’ என்பாள். அவனுக்குச் சொல்கிற மாதிரியும் இருக்கும், எனக்கு மன்னிப்புச் சொல்கிற மாதிரியும் இருக்கும்.

வெயிலின் நான்காவது நாள் அது. மூன்று தட்டினேன். ஷ்ஷ்ஷ் என்றாள். அழுகை. மறுபடி மூன்று. ஷ்ஷ்ஷ். மறுபடி அழுகை. எனக்குத் தலை வெடித்தது. பூட்ஸைக் கையில் எடுத்து, அதன் குதிகாலால் சுவரில் மூன்று முறை அடித்தேன். நீண்ட ஒரு ஷ்ஷ்ஷ் வந்து சட்டென்று அறுந்தது.

அதற்குப் பிறகு அழுகை வரவில்லை. அன்று நான் ஆறு மணி நேரம் தூங்கினேன். அந்தக் கோடையிலேயே நான் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான்.

மாலையில் ஆம்புலன்ஸ் வந்தது. தெருவுக்கு மரியாதையாக, சைரன் போடாமல். ஜூட் தூக்கத்திலேயே போய்விட்டான், சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும் என்று டாக்டர்கள் எழுதினார்கள். ஊரும் அதையே சொன்னது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பெத்தனி மட்டும் ஊரைவிட்டுப் போகும் அன்று என் கம்பிவலைக் கதவுக்கு வந்தாள். கோபமே இல்லாத முகம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அன்னைக்கு நல்லாத் தூங்கினீங்களா, டெனீஸ்?”

தூங்கினேன் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். ஏதோ ஒரு வேலையைச் சரியாக முடித்தவள்போல. இரண்டு வருடம் கழித்து அவளும் எங்கோ இறந்துவிட்டாள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் பிள்ளை உள்ளவர்கள் யாரும் குடிவரவில்லை. கார்லி வரும்வரை.

மின்சாரம் திரும்பியது. நான் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் எதிர்மூலைக்குத் தள்ளினேன். அன்று மாலை பஸ்ஸுக்காக நிற்கும்போது டேமியனிடம், “பிள்ளைய என் பக்கத்துச் சுவரை ஒட்டிப் போடாதீங்க” என்றேன்.

“ஏன், இடிச்சு எழுப்பப் போறீங்களா?”

“சொன்னதைச் செய்.”

“அந்த ரூம்லதான் கூலர் காத்து நல்லா வருது” என்றான். கண்கள் சிவந்து, கன்னம் ஒட்டி, இருபத்தாறு வயதுக்காரன் நாற்பதுபோல இருந்தான். “இன்னைக்குக் காலைல அவ என்ன சொன்னா தெரியுமா? பிள்ளை வாய்மேல விரல் தடம் இருக்காம். நாலு விரலாம். நான் பாத்தேன். வேர்க்குரு.”

அவனிடம் மீதியைச் சொல்லியிருக்கலாம். பதினொரு வருடம் சொல்லாததைப் பஸ் நிறுத்தத்தில் எப்படித் தொடங்குவது? பஸ் வந்தது. ஏறினோம்.

வெள்ளிக்கிழமை. வெயிலின் கடைசி நாள், மாலையில் தெற்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் என்று ரேடியோ சொன்னது. நான் காதடைப்பான் வைத்து, வழக்கமான அரைத் தூக்க மாத்திரையும் போட்டுக்கொண்டு, எதிர்மூலைக் கட்டிலில் படுத்தேன். டேமியனும் அதையேதான் செய்வான். இரவு ஷிஃப்ட்காரர்கள் எல்லோரும் அதையேதான் செய்வோம்.

விழித்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன்.

சுவருக்கு முன்னால். கையில் பூட்ஸ், குதிகால் முன்பக்கமாக. வட்டத்துக்கு நடுவே புதிதாக மூன்று பள்ளங்கள்.

காதடைப்பான்களைப் பிடுங்கினேன். அந்தப் பக்கம் நிசப்தம். வாசலில் மட்டும் யாரோ கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கார்லி. வெறுங்காலோடு நின்றாள். விரல் நுனிகளெல்லாம் ரத்தம்.

“உள்ள வெச்சுப் பூட்டிட்டான், டெனீஸ்” என்று கிசுகிசுத்தாள். அந்த நிலையிலும் அவள் குரலை உயர்த்தவில்லை, எங்கள் தெரு அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. “மத்தியானம் அவளைத் தூக்கிட்டு வெளியில வந்தேன். பிடுங்கிக்கிட்டான். நீ போய் நட, பிள்ளை உள்ள இருக்கட்டும், மறுபடி புகார் வந்தா பிள்ளையைக் கொண்டுபோயிருவாங்கன்னு சொல்லிப் பூட்டிட்டான். மாத்திரை போட்டுட்டான். எழுந்திருக்க மாட்டேங்குறான். நான் அந்த ஜன்னலுக்குக் கீழயே உக்காந்திருந்தேன், அவ அழறது கேட்டுட்டே இருந்தது. அழுதா அவ உயிரோட இருக்கான்னு அர்த்தம், பரவால்லன்னு உக்காந்திருந்தேன். இப்போ…”

“எப்போ நின்னுச்சு?”

அவள் என் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தாள்.

“நீங்க அடிச்சீங்களே, அப்போ.”

போலீசுக்குப் போன் செய்தேன். நெடுஞ்சாலையில் விபத்து, வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அவர்கள் வீட்டு ஜன்னல்களைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கம்பெனி போட்ட எஃகு வலை, உள்பக்கம் திருகாணி. அதைப் பிய்க்க முயன்றுதான் அவள் விரல்கள் கிழிந்திருந்தன. கடப்பாரையால் கதவில் நான்கு முறை போட்டேன். கம்பெனிக் கதவு, அசையவில்லை. அலுமினியத் தாளின் ஒரு கிழிசல் வழியாக டேமியனின் வெறும் பாதங்கள் தெரிந்தன, சோபா நுனியில். குறட்டை வந்தது. கத்தினோம். தெருவில் ஒரு திரைகூட விலகவில்லை.

“உங்க ரூமுக்குப் போலாம். அங்கதான் நல்லாக் கேக்கும்” என்றாள்.

என் படுக்கையறையில் இருவரும் சுவரில் காதை வைத்தோம். பலகையைக் கடப்பாரையால் பெயர்க்கலாம், ஆனால் அதை ஒட்டித்தான் பிள்ளை கிடந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு கூலர் காற்றில் எங்கோ ஒரு துணி அசையும் ஓசை. ஈரமான கனத்த துணி. அந்த வீட்டில் கார்லி போர்வை எதையும் தொங்கவிடுவதில்லை.

“நாலு மணி ஆகப்போகுது” என்றேன். “வெடி வெப்பாங்க. வெடிக்கு எந்தப் பிள்ளையும் அலறும்.”

தினமும் நான்கு மணிக்குக் குழியில் வெடி வைப்பார்கள். ஊரே ஒருமுறை குலுங்கும். ஐவி ஒருநாள்கூட அதற்கு அழாமல் இருந்ததில்லை. கார்லி என் கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முள் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் உதடுகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன, அழு, அழு, என்று.

வெடித்தது. தரை அதிர்ந்தது. என் அலமாரியில் கோப்பைகள் மோதின, கூரைத் தகரம் நடுங்கி அடங்கியது, தெருக்கோடியில் ஒரு நாய் ஊளையிட்டது.

அழுகை வரவில்லை.

வட்டத்தின் நடுவே ஈரம் முளைத்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, சுருங்கி, மறுபடி பரவியது. சுவர் மூச்சு விட்டது. அதன் ஓரத்தில், மிகப் பணிவாக, எனக்கு மட்டும் சொல்வதுபோல,

ஷ்ஷ்ஷ்.

கார்லி பின்வாங்குவாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஈரத்தின் மேல் கையை வைத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நனைந்த அந்த வட்டத்தையும், பதினெட்டு வருடம் தேய்ந்த பூச்சையும், நான் தரையில் போட்டிருந்த பூட்ஸையும் பார்த்தாலே போதும்.

“இது உங்களுக்காகத்தான் பண்ணுது” என்றாள் மெதுவாக. “நீங்க தூங்கணும்னு.”

நான் வாயைத் திறந்தேன். இந்தச் சுவரோடு நான் பேசியதே இல்லை. எனக்குத் தெரிந்தது மூன்று தட்டுதான், அதற்கு அர்த்தம் ஒன்றுதான். கையைத் தூக்கினேன். கை தானாக முட்டியாக மடங்கியது. அது பலகையில் பட்டால் அந்தப் பக்கம் என்ன புரிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

ஈரம் பரவியது. இந்த முறை சுருங்கவில்லை.

கார்லி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் ரத்தம் என் கையில் பிசுபிசுத்தது.

“தட்டாதீங்க, டெனீஸ். வாயால சொல்லுங்க. நீங்க முழிச்சுட்டீங்கன்னு அந்த ‘ஷ்ஷ்ஷ்’ சொல்றவகிட்ட சொல்லுங்க. போதும், இனிமே பிள்ளை அழலாம்னு சொல்லுங்க.”